பாரிஸ் பதக்கங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்திய அணி 7 தங்கம் உட்பட 29 பதக்கங்களுடன் 18-ஆம் இடம் பிடித்தது. 2016 ரியோவில் கிடைத்தது மொத்தமே 4.

29-இல் நான்கு தமிழகத்துடையவை. உயரம் தாண்டுதலில் மாரியப்பன் வெண்கலம். ரியோ, டோக்கியோவை அடுத்து அவருக்கு மூன்றாவது பதக்கம். மற்ற மூவரும் பேட்மிண்டன் ஆடிய பெண்கள்: துளசிமதி வெள்ளி, மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலம். அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவுமே மோதினார்கள் என்றால் பாருங்கள்! நால்வருக்கும் சேர்த்து தமிழக அரசு 5 கோடி ரூபாய் வழங்கியது. நல்லதுதான். ஆனால் அது பதக்கத்துக்குப் பிறகு வரும் பணம். துளசிமதிக்கு ஆட்டத்தைக் கற்றுத்தந்தவர் அவருடைய தந்தை.

நம்மில் சில வீடுகளிலோ, விருந்தாளி வந்தால் ஊனமுற்ற பிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையை, உள்ளறைக்கு அனுப்பிவிடுகிறோம். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல வைத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும்தான் முதல் படி. மீன்சுருட்டி போன்ற ஊர்களின் ஜமாஅத்துகள், மஹல்லாவில் யாருக்கு அட்டை இல்லை என்று ஜும்ஆவுக்குப் பின் கணக்கெடுக்கலாம். அவர்களை அரியலூருக்கு அழைத்துச் செல்ல ஒரு வேன் பிடித்தால் போதும்.