ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? தியரிகள் சொல்வது என்ன, கல்வெட்டு சொல்வது என்ன?

'ஆதித்த கரிகாலனை யார்தான் கொன்னது?' பொன்னியின் செல்வன் படித்து முடித்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது. நாவல் முடிந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இரண்டு பாகமாகப் படமும் வந்துவிட்டது. ஆனாலும் விவாதம் மட்டும் ஓயவில்லை.

நந்தினிதான், இல்லை பழுவேட்டரையர்தான், இல்லவே இல்லை குந்தவைதான் என்று ரீல்ஸிலும் யூடியூப்பிலும் விதவிதமான தியரிகள் சுத்திக்கிட்டே இருக்கு. மற்ற கதைத் தொடர்களின் மர்மங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே இறந்தவர் நிஜ மனிதர். அவரைக் கொன்றவர்கள் என்று சிலருடைய பெயர்கள் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. அதனால் இங்கே தப்பாகச் சொல்லப்படும் ஒரு தியரி, கதையாக நிற்காமல் வரலாறாகவே பரவிவிடுகிறது.

எது கல்வெட்டு, எது ஆய்வாளர்களின் ஊகம், எது கல்கியின் கற்பனை? தனித்தனியாகப் பார்ப்போம். (நாவலை இன்னும் படிக்காதவர்கள் கவனிக்க: கதையின் முக்கியத் திருப்பங்கள் இதில் உண்டு.)

நாவலில் என்ன நடக்கிறது?

கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வந்தது பொன்னியின் செல்வன். கதையில் கொலை நடக்கும் இடம் கடம்பூர் மாளிகை. கரிகாலனும் நந்தினியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்தியத்தேவன் அங்கேயே ஒளிந்திருக்கிறான். மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர் வருகிறார். ரவிதாசன் கூட்டம் பக்கத்திலேயே காத்திருக்கிறது. விளக்கு அணைகிறது. அப்புறம் பார்த்தால் கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான்.

இதுக்கு அப்புறம்தான் குழப்பமே. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற 'நான்தான் கொன்றேன்' என்கிறாள் மணிமேகலை. பெரிய பழுவேட்டரையரும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அவர் சொன்னது முழு உண்மையா, இல்லை ஒரு நிரபராதியைக் காப்பாற்ற அந்த வயதான வீரர் ஏற்றுக்கொண்ட பழியா? வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான்.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேட்ட பல கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொன்னார். பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றும் விளக்கினார். ஆனால் இந்த ஒரு முடிச்சு மட்டும் முழுசா அவிழவில்லை. அதே 1954-ம் ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அவர் மறைந்துவிட்டார்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் ஐந்தாவது நாவலை 2011-ல் வெளியிட்டார். ஆறாவதில் விடை கிடைக்கும் என்று ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். பொன்னியின் செல்வன் ரசிகர்களுக்கு அப்படி ஒரு ஆறாவது பாகம் வரப்போவதில்லை. அதனால் அவர்கள் தேடிப் போவது வரலாற்றை.

சென்னையில் இந்தப் பேச்சு ஏன் ஓய்வதில்லை?

தி.நகர் தீனதயாளு தெருவில் இருக்கும் வானதி பதிப்பகம் இந்த நாவலைப் பல தலைமுறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு வேறு பல பதிப்பகங்களும் அச்சிட ஆரம்பித்தன. இப்போது நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனால் விதவிதமான விலையில் ஐந்து பாகமும் கிடைக்கும்.

மேஜிக் லேண்டர்ன் நாடகக் குழு 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் இதை மேடையேற்றியது. 2014-ல் மியூசிக் அகாடமியில் மீண்டும் அரங்கேறியது. நாடகத்துக்கு எழுத்து வடிவம் தந்த இளங்கோ குமரவேல், பிறகு மணிரத்னம் படத்தின் திரைக்கதையிலும் பங்காற்றினார்.

அடுத்தடுத்து வந்த எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. கல்கி விட்ட இடத்திலிருந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார் விக்கிரமன். பாலகுமாரனின் 'கடிகை' இந்தக் கொலையைச் சுற்றியே எழுதப்பட்டது. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா', சந்தேகத்தைக் குந்தவை பக்கம் திருப்பியது. ஒவ்வொன்றும் ஒரு தியரிதான், நாவல் வடிவத்தில்.

சரி, நிஜ ஆதாரம் எங்கே இருக்கு? நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில். 2004-லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் அதே வீராணம் ஏரி. அதன் பக்கத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோவிலில்தான் இந்த வழக்கின் ஒரே நேரடிச் சாட்சி இருக்கிறது.

கல்லில் என்னதான் இருக்கு?

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி, அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. 1920-ல் தொல்லியல் துறை இதைப் படியெடுத்தது. அதாவது கல்கி தொடர் எழுதத் தொடங்குவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே.

'ராஜகேசரி' என்ற பட்டம் கொண்ட மன்னரின் 2-ம் ஆட்சி ஆண்டில் வெட்டப்பட்டது இது. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் வைத்துக்கொள்வது வழக்கம். சுந்தர சோழரும் ராஜகேசரிதான். ஆனால் கொலை நடந்தது அவருடைய ஆட்சியின் கடைசிக் காலத்தில், அதனால் அவருடைய 2-ம் ஆண்டாக இது இருக்க முடியாது. அடுத்து வந்த உத்தம சோழர் பரகேசரி. ஆக, மிஞ்சுவது ராஜராஜன். ஆண்டு சுமார் 987.

கல்வெட்டு சொல்லும் விஷயம் இதுதான்: பாண்டியன் தலையைக் கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவர் தம்பி ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரன் என்ற இருமுடிசோழ பிரம்மாதிராஜன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்ய மன்னர் உத்தரவிட்டதையும், அந்த நிலம் கைமாறியதையும் பதிவு செய்கிறது.

உறைய வைக்கும் பகுதி ஒண்ணு இருக்கு. பறிபோனது அந்தச் சகோதரர்களின் சொத்து மட்டுமல்ல. பிள்ளைகள், மனைவியர் வழி உறவு, தாய்மாமன்கள், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று சொந்தபந்தம் முழுக்கப் பட்டியலில் வருகிறது. ஒரு கொலைக்கு ஒரு வம்சமே நிலத்தை இழந்தது.

கல்வெட்டில் இல்லாதவையும் முக்கியம். கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று இல்லை. காரணம் இல்லை. பின்னால் இருந்து தூண்டியவர் யார் என்று இல்லை. குற்றவாளிகளுக்கு உயிர்த்தண்டனையா, நாடுகடத்தலா என்பதும் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் எல்லா தியரியும் வளர்கிறது.

தியரி 1: பாண்டியர்களின் பழிவாங்கல்

வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் கொய்தான், அதற்குப் பழிவாங்கிவிட்டார்கள் என்பது கல்கி எடுத்த பாதை. 'பஞ்சவன்' என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல். அதனால் ரவிதாசனுக்குப் பாண்டியத் தொடர்பு இருந்திருக்கலாம் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

பலவீனம் எங்கே? பிரம்மாதிராஜன் என்பது உயர் பதவியில் இருந்த அந்தணர்களுக்கு அரசு தந்த பட்டம். தம்பியின் பட்டத்தில் 'சோழ' என்றே இருக்கிறது. சொத்தெல்லாம் சோழ நாட்டுக்குள். ஆக, இவர்கள் காட்டில் பதுங்கிய மந்திரவாதிகள் அல்ல. அரசாங்கத்துக்குள்ளேயே இருந்த அதிகாரிகள் என்று தெரிகிறது. நாவலில் வரும் மந்திரவாதி ரவிதாசனுக்கும் கல்வெட்டு ரவிதாசனுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

தியரி 2: உத்தம சோழன்

இது ரசிகர்கள் கண்டுபிடித்தது இல்லை. சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வைத்த வாதம். கரிகாலன் இறந்ததால் அரியணை கிடைத்தது உத்தம சோழனுக்கு. அவர் ஆண்ட சுமார் 15 ஆண்டுகளில் துரோகிகள் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ராஜராஜன் வந்த பிறகுதான் நடவடிக்கை. அப்போ உத்தமனுக்குப் பங்கு இருக்கணும் இல்லையா?

சதாசிவப் பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. அவர் தரப்புக்கு வலு சேர்க்கும் விஷயங்களும் உண்டு. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியை ராஜராஜன் காலத்திலும் பெரிய மரியாதையோடு நடத்தினார்கள். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் அரசில் பொறுப்பில் இருந்தார். அண்ணனைக் கொன்றவர் குடும்பம் என்றால் இப்படி நடத்துவாரா?

இன்னொரு கோணமும் இருக்கு. 987-ல் நடந்தது முதல் தண்டனையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முன்பே தொடங்கிய நடவடிக்கையின் பாக்கியாகவும் அது இருக்கலாம். நிலத் தகராறு ஒரு தலைமுறை இழுப்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லையே.

தியரி 3: ராஜராஜனும் குந்தவையும்

இப்போது அதிகம் ஷேர் ஆவது இதுதான். 'லாபம் யாருக்கு என்று பார், கொலையாளி கிடைப்பான்' என்ற துப்பறியும் கதை லாஜிக். ஆனால் உடனடி லாபம் ராஜராஜனுக்குக் கிடைக்கவில்லை. உத்தமனின் ஆட்சி முடியும் வரை அவர் காத்திருந்தார். மக்கள் அழைத்தும் அருள்மொழி அரியணையைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை: அந்தச் செப்பேடு வெளியிடப்பட்டது ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில். அப்பாவைப் புகழ்ந்துதான் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்பவும் முடியாது. அதே சமயம், குந்தவையைக் குற்றவாளி ஆக்க ஒரு வரி ஆதாரமும் இல்லை. நல்ல நாவலுக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

தியரி 4: நந்தினி

ரசிகர்களின் ஃபேவரிட். 2023-ல் வந்த இரண்டாம் பாகமும் கரிகாலனின் முடிவை நந்தினியோடான காதலின் முடிவாகவே காட்டியது. ஆனால் எந்தக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இந்த நந்தினி கிடையாது. அவர் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. நந்தினியின் அப்பா யார் என்ற இன்னொரு பிரபல மர்மத்துக்கும் விடையை நாவலுக்குள் மட்டும்தான் தேட முடியும்.

இதில் நமக்கென்ன பிரச்சினை?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கொலை, யார் செஞ்சா என்ன என்று தோணலாம். ஆனால் இந்தத் தியரிகளின் கீழே நடக்கும் சண்டையைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்தணர்கள் என்பதை வைத்து இன்று வாழும் ஒரு சமூகத்தையே துரோகிகள் என்பது ஒரு பக்கம். அந்தக் கல்வெட்டே எதையும் நிரூபிக்கவில்லை என்று அடியோடு மறுப்பது மறுபக்கம். இரண்டுமே கல்வெட்டை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை.

ஏனென்றால் பறிமுதல் விவகாரம் நடந்தது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில். அதுவும் அந்தணர் ஊர்தான். மன்னரின் உத்தரவை நடைமுறைப்படுத்தியது அந்த ஊரின் சபைதான். அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களும், தண்டனையை நிறைவேற்றியவர்களும் ஒரே சமூகம். இதை சாதிக் கணக்காகப் பார்த்தால் விடையே வராது. அரசு அதிகாரம், பதவி, விசுவாசம் என்று பார்த்தால்தான் கொஞ்சமாவது புரியும்.

சொந்தபந்தம் முழுவதையும் சேர்த்துத் தண்டித்தது அன்றைய அரசின் முறை. தியரி என்ற பெயரில் அதே முறையை இன்றைக்கும் நாம் தொடரணுமா என்பதுதான் கேள்வி.

ஒரே பார்வையில்

உறுதியானது: ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டார். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று ராஜராஜனின் அரசு பதிவு செய்தது. உறவினர்களின் சொத்தும் பறிமுதலானது.

ஊகம்: பாண்டியர் பழிவாங்கல், உத்தம சோழனின் பங்கு, ராஜராஜன் அல்லது குந்தவையின் பங்கு.

கற்பனை: நந்தினி, கடம்பூர் மாளிகைக் காட்சி, மணிமேகலையும் பழுவேட்டரையரும் ஏற்றுக்கொண்ட பழி.

விடை கிடைக்க வாய்ப்பே இல்லையா?

இருக்கு. விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் ராஜேந்திர சோழனின் செப்பேடு கிடைத்தது 1987-ல்தான். மண்ணுக்குள் இன்னும் என்ன இருக்கு என்று யாருக்கும் தெரியாது.

தோண்டாமலே படிக்க வேண்டியதும் நிறைய இருக்கு. கோயில் சுவர்களில் இருந்து படியெடுத்தும் முழுசாக அச்சில் வராத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். மைசூருவில் வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றணும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவற்றைப் படித்துப் பதிப்பிக்கும் வேலைக்கு ஆட்களும் பணமும் கிடைத்தால், ரவிதாசனைப் பற்றி இன்னொரு வரி ஏதாவது ஒரு தாளில் காத்திருக்கலாம்.

அதுவரைக்கும் உங்கள் போனுக்கு அடுத்த தியரி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது கல்லில் இருக்கா, நாவலில் இருக்கா?