125 வாட்டுக்குக் கீழே

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1834 ஆம் இலக்க ஒழுங்குவிதி, 2026 ஜூலை 24 முதல், 125 வாட்டிலிருந்து 500 கிலோவாட் வரையான விசிறிகளுக்குப் புதிய வினைத்திறன் அளவுகளையும் தகவல் வெளியிடும் கடமைகளையும் விதிக்கின்றது. நம் மேசைக் கணினியில் நாள்தோறும் புழங்கும் 120 மில்லிமீற்றர் விசிறியோ இரண்டு மூன்று வாட்டுக்குள் அடங்குவது; ஆதலால் அது விதிக்கு வெளியே நிற்கின்றது. மின்சாரச் சிக்கனம் ஒன்றையே நோக்கினால் இவ்விலக்கு நியாயமானதே. ஆயினும், தகவல் வெளியிடும் கடமையிலிருந்தும் சிறு விசிறிகளை விடுவித்தது தவறு என்பதே இப்பத்திரிகையின் நிலைப்பாடு.

விசிறித் தயாரிப்பாளர் நொக்டுவாவின் என்.எப்.-ஏ12×25 விசிறிக்கு மணிக்கு 102.1 கனமீற்றர் காற்றோட்டம், 2.34 மில்லிமீற்றர் நீர்நிரல் நிலையழுத்தம், 22.6 டெசிபல் சப்தம் என்று குறிக்கப்பட்டிருக்கின்றது. முதலாவது எதிரழுத்தம் அற்றபோது கிடைப்பது. இரண்டாவது காற்று முற்றாக அடைபட்டபோது கிடைப்பது. இரண்டும் ஒருபோதும் ஒருங்கே நிகழா. எதிரழுத்தத்தின் கீழ் சப்தத்தை அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 10302 தராதரம் வகுத்துத் தந்திருந்தும், சந்தைக்கு வரும் மலிவான விசிறிகளின் பெட்டிகளில் எத்தனை தூரத்தில் அளந்தார்கள் என்பதுகூடக் காணப்படுவதில்லை.

கரையோர ஊரான நம் பள்ளிமுனையில் இது வெறும் ஏட்டு விவகாரமன்று. சோளகம் எழும் மாதங்களில் பொடிமணலும் உப்பீரமும் யன்னல் வழியே புகுந்து வெப்பத்தகட்டின் இடுக்குகளில் படிந்துபோவதால், தூசு வடி இல்லாத கணினியை இங்கே விற்பதே பாதகம். வடி பூட்டியதும் எதிரழுத்தம் ஏறுகின்றது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும், அழுத்தம் காலாகும், சப்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும் என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் ஒரு வேகமான விசிறிக்குப் பதில் இரண்டு மெதுவான விசிறிகளை அருகருகே பூட்டினால் அதே காற்றை 12 டெசிபல் குறைவாகப் பெறலாம் என்று மேல்நாட்டு நிபுணர்கள் உபதேசிக்கின்றார்கள். தூசற்ற அறையில் அது சத்தியம். நெருங்கிய வலைக்குப் பின்னாலோ, அதே காற்றைத் தள்ளுவதற்கு அதே அழுத்தம் வேண்டியிருக்க, காலழுத்தமே உடைய அவ்விரண்டும் சோர்ந்துபோக, 32 பாகை வெப்பத்தில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் செயலி கொதிக்க, கட்டுப்பாட்டுச் சில்லு வேகத்தை உச்சத்துக்கு ஏற்ற, இரட்டை விசிறியும் இரட்டை இரைச்சலாய் முடிகின்றது.

இதைக் கேட்பவர் யார்? இலங்கையின் 1996 ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், சப்தம் குறைந்த பிரதேசத்துக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வளவின் எல்லையில் வரம்பிட்டு அயலவரைக் காக்கின்றன; இயந்திரத்தின் முன்னே நாள் முழுவதும் அமரும் எழுதுவினைஞரையும் மாணவரையும் அவை அறியா. பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி கொள்வனவு செய்யும் அதிகாரிகள் செயலியையும் நினைவகத்தையும் வரிவரியாகக் கேட்கின்றார்கள். நாம் பார்த்த கேள்விப்பத்திரங்களில் விசிறிக்கென ஒரு வரியும் இல்லை. குளிரூட்டிய அறையில் இருந்து எழுதுவோருக்குக் கரையோர வகுப்பறையின் வெக்கையும் புழுதியும் தோன்றாமற் போவது எத்தனை ஆண்டுகளுக்குச் சகிக்கத்தக்கது? அழுத்த-ஓட்ட வளைகோடும், வடி பூட்டிய நிலையில் ஒரு மீற்றர் தூரத்துச் சப்த அளவும் இல்லாத கேள்விப்பத்திரத்தை, கரையோர மாவட்டங்களுக்கேனும், செல்லாததாக்க வேண்டும்.

அதுவரை நம்மவர்கள் இரண்டாவது விசிறியை வாங்குமுன் வடியின் பரப்பை இரட்டிப்பாக்கிப் பார்க்கட்டும். வலையைக் கடக்கும் காற்றின் வேகம் பாதியாகி, அழுத்த இழப்பும் பாதிக்கோ அதனினும் கீழோ இறங்கும்.