தாத்தாவின் தாத்தா யார்? எச்சில் சொல்லுமா?

உங்கள் அப்பா பெயர் உங்களுக்குத் தெரியும். தாத்தா பெயரும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர்? கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவீர்கள். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதனால் பலர் தப்பித்துக்கொள்வார்கள்.

தாத்தாவின் தாத்தா பெயர் என்ன?

இங்கேதான் எல்லோரும் விழிக்கிறோம். இதை எழுதுகிற நானும் விழிக்கிறவன்தான்!

இந்தக் கேள்விக்கு விடை தேடி, வெளிநாடுகளில் கோடிக்கணக்கானவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒரு சிறு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்புகிறார்கள். சில வாரங்களில் பதில் வருகிறது. "இன்ன ஊரில் இருக்கும் இன்னார் உங்களுக்கு உறவு" என்கிறது அந்தப் பதில். அந்த "இன்னாரை" இவர் கண்ணால் கண்டதே இல்லை!

இதுதான் டி.என்.ஏ. சோதனை. சேலம், நாமக்கல் சீமைக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. தென் ஆப்பிரிக்காவிலும், பிஜியிலும், மலேசியாவிலும், இலங்கை மலைநாட்டிலும் "எங்கள் பூர்வீகம் சேலம் ஜில்லா" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் இப்போது தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

எச்சிலில் என்ன இருக்கிறது?

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் 23 தகப்பன் கொடுத்தவை. 23 தாய் கொடுத்தவை. டி.என்.ஏ. என்பது அவற்றுக்குள் நீளமாகச் சுற்றி வைத்திருக்கும் நூல். எச்சிலிலும் அந்தச் செல்கள் கலந்து வருகின்றன.

அப்பாவிடமிருந்து பாதி. தாத்தாவிடமிருந்து ஏறக்குறைய கால் பங்கு. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து அரைக்கால். இப்படிக் குறைந்துகொண்டே போகும். ஐந்து தலைமுறைக்கு முந்திய ஒருவரின் பங்கு நூற்றில் மூன்றுதான்.

முன்பின் தெரியாத இரண்டு பேரின் நூலில் ஒரு துண்டு அப்படியே ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம்? அந்தத் துண்டு ஒரே மூதாதையிடமிருந்து இருவருக்கும் வந்திருக்க வேண்டும். துண்டு நீளமாக இருந்தால் உறவு கிட்டத்து உறவு. சின்னதாக இருந்தால் தூரத்து உறவு. சோதனை சொல்வது இவ்வளவுதான். மூதாதையின் பெயரை அது சொல்லாது. ஊரையும் சொல்லாது.

அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் குரோமோசோம் ஒன்று உண்டு. அதற்கு ஒய் குரோமோசோம் என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் அது பங்காளி வழி! மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் கண்டுபிடித்த எம்-130 என்ற அடையாளம் இந்த வழியில் வந்ததுதான். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, கடலோரமாக நடந்து, ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் அடையாளம் அது. ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுக் கதை. நமக்கு வேண்டியது தாத்தாவின் தாத்தா.

தாது வருஷமும் கப்பலும்

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர்.

நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1871-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து எண்ணியபோது சுமார் 16 லட்சம்தான் இருந்தார்கள்! செத்தவர்கள் பாதை ஓரத்தில் கிடந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களுக்குப் பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணியோடு போனவர்களுக்கு இப்படி விரிவான ஏடு கிடைப்பது அரிது. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குக் காகிதம் இல்லை. எச்சில்தான் உண்டு.

காகிதம் இருப்பவர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. ஏட்டில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் அது இன்றைய சேலம் என்று நினைத்துவிடக் கூடாது. தர்மபுரி 1965-ல்தான் பிரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி முதல் தேதி. அதற்கும் முன்னால், 1910-ல் நாமக்கல் தாலுகாவைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள். சுமார் இருபது ஆண்டு கழித்துத் திரும்பச் சேலத்தோடு சேர்த்தார்கள். அண்ணன் 1905-ல் கப்பல் ஏறியிருந்தால் சேலம் ஜில்லாக்காரர். தம்பி 1912-ல் ஏறியிருந்தால் திருச்சி ஜில்லாக்காரர். இருவரும் பிறந்தது ஒரே வீடு!

ஊர்ப் பெயரோ இன்னும் மோசம். வெள்ளைக்கார எழுத்தில் எழுதிய "புதுப்பாளையம்" எந்தப் புதுப்பாளையம்? ராசிபுரம் பக்கமா, திருச்செங்கோடு பக்கமா?

அத்தை மகளும் கணக்குப் பிழையும்

சரி, எச்சில் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? 1880-ல் போனவரின் வாரிசு டர்பனில் இருக்கிறார். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் வாரிசு ராசிபுரத்தில் இருக்கிறார். நடுவில் ஐந்து தலைமுறை. இருவருக்கும் பொதுவான நூல் சராசரியாக ஆயிரத்தில் இரண்டு பங்குதான். இந்தத் தூரத்து உறவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொதுத் துண்டு எதுவுமே தென்படாது. உறவு உண்மை. சோதனையோ "உறவில்லை" என்று கையை விரித்துவிடும்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான வம்பும் நடக்கும். அதற்குக் காரணம் முறைப்பெண் கல்யாணம்!

ஒருவருக்குத் தாத்தா பாட்டி நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எட்டுப் பேர். ஆனால் அப்பா, தன் தாய்மாமன் மகளைக் கட்டியிருந்தால்? பிள்ளைக்கு எட்டுப் பேர் இல்லை. ஆறு பேர்தான்! ஒரே கிழவனும் கிழவியும் அப்பா வழியிலும் வருகிறார்கள், அம்மா வழியிலும் வருகிறார்கள். அக்காள் மகளைக் கட்டிய வீடுகளில் இன்னும் நெருக்கம். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்த குடும்பத்தில், தூரத்து உறவினர்கூட அதிகத் துண்டுகளைப் பங்கிட்டுக்கொள்வார். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு அத்தை மகள், அக்காள் மகள் கதை எல்லாம் எங்கே புரியும்? "இவர் உமக்கு ஒன்றுவிட்ட சகோதரர்" என்று சொல்லிவிடும். உண்மையில் அவர் நாலு தலைமுறைக்கு அப்பால் இருப்பார்.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிராமத்துக் கிழவிதான் வேண்டும். யார் யாரைக் கட்டினார், எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கொங்குச் சீமையில் ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஆகவே கூட்டத்தின் பெயரும் குலதெய்வத்தின் ஊரும் தெரிந்தால், நூறு புதுப்பாளையங்களில் ஒன்று அகப்பட்டுவிடும். கப்பல் ஏறிப் போனவர்கள் மறந்தது இதைத்தான். பெண் வழிக்கு அந்த ஏடும் இல்லை. தாய் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்து, மகள் வழியாகவே தொடரும் டி.என்.ஏ. தனியாக உண்டு. ஆனால் பாட்டியின் பாட்டி பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

வீட்டில் யாராவது சோதனை செய்துகொள்வதாக இருந்தால், உயிரோடு இருக்கும் மூத்தவரின் எச்சிலை முதலில் எடுங்கள். அவர் மூதாதைக்கு ஒரு படி கிட்டத்தில் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலும் உதவும்

பொது மூதாதையைத் தெரிந்துகொள்வது வெறும் பெருமைக்கு அல்ல. ஐதராபாத்தில் உள்ள செல் உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தங்கராஜும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரைக்கும், அவர்களுடைய கூட்டாளிகளும் 2017-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் 260-க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்தே பெருகி வந்தவை என்று தெரிந்தது.

அதனால் என்ன? அந்த மூதாதை ஒருவரிடம் இருந்த சிறு குறை, பல வீடுகளுக்குப் பரவியிருக்கும். வைசியச் சமூகத்தில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் இறங்காது. மூச்சு திரும்ப நேரம் ஆகும். முன்னதாகத் தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். "மயக்க மருந்து கொடுத்து உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தொல்லை வந்ததா?" என்று டாக்டர் கேட்டால், யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

தொட்டில் குழந்தைகள்

இன்னொரு கூட்டமும் தேடப் போகிறது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடு இருந்தது. பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது அரசு. பெற்றவள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்குறுதியை நம்பித்தான் தாய்மார்கள் இருட்டில் வந்து குழந்தையை வைத்துவிட்டுப் போனார்கள். முதலில் வந்த அந்தக் குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

"என் அம்மா யார்?" என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா? உண்டு. தன் பெயரை மறைத்துக்கொள்ள அந்தத் தாய்க்கு உரிமை இல்லையா? அதுவும் உண்டு. தத்து விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பிள்ளை தன் வேரைத் தேடலாம். பெற்றவரின் அந்தரங்கத்தை அது மீறக் கூடாது.

ஆனால் எச்சிலுக்கு அந்த விதி தெரியாது. தாய் சோதனை செய்யவே வேண்டாம். அவளுடைய சித்தப்பா மகன் மலேசியாவிலோ, கம்ப்யூட்டர் வேலைக்குப் போன அமெரிக்காவிலோ எச்சில் கொடுத்தால் போதும். பெயர் இல்லாத பிள்ளைக்கு ஒரு மாமன் அகப்படுவான். அங்கிருந்து பொதுவான பாட்டனைப் பிடித்து, கிளை கிளையாக இறங்கி வந்தால், ஒரு வீட்டு வாசல் வரும். அந்த வீட்டில் இப்போது அவளுடைய கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

இந்த ரகசியங்கள் எல்லாம் யார் கையில் இருக்கின்றன? தனியார் கம்பெனிகள் கையில்! "ட்வென்டி திரீ அண்ட் மீ" என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 2023-ல் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பிறகு அதை நிறுவியவரின் தலைமையில் உள்ள வேறோர் அமைப்பு வாங்கிக்கொண்டது. எச்சில் கொடுத்தவர்களின் விவரங்களும் அதோடு கை மாறின.

மலேசியாவில் இருக்கும் சித்தப்பா மகன் எச்சிலைக் கொடுக்கும்போது, சேலத்தில் இருக்கும் அந்தத் தாயை யாரும் கேட்கப் போவதில்லை.