கைதட்டினால் மட்டும் போதுமா?

2017ம் ஆண்டு நாம் லண்டனில் தங்கியிருந்தோம். நகரின் கிழக்கே ஸ்ட்ராட்போர்டு என்ற உழைப்பாளி மக்களின் பகுதி. அங்கே தியேட்டர் ராயல் என்ற பழைய நாடகக் கொட்டகை இருக்கிறது. 1953ல் ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் குழு வந்து அமர்ந்து, சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை மேடையேற்றிய இடம் அது. அங்கே 'கிரேயே' என்ற ஊனமுற்ற கலைஞர்களின் குழு நாடகம் நடத்துகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம்.

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். போகும்போது நம் மனத்தில் இருந்தது இரக்கம்தான். நம் ஊர் பஸ் நிலையங்களில் கண் தெரியாத பாடகர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பாடுவார்கள். பக்கத்தில் உண்டியல் இருக்கும். இரண்டு காசு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பழகியவர்கள் நாம். இங்கும் எங்கோ ஓர் உண்டியல் இருக்கும் என்றே எண்ணினோம்.

உண்டியல் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் உள்ளே போனார்கள்.

நாடகத்தின் பெயருக்கு 'மகிழ்ச்சிக்கான காரணங்கள்' என்று பொருள். இயன் டூரி என்ற பாடகரின் பாட்டுகளைக் கோத்து எழுதியது. கதை நடப்பது 1979ல். தாட்சர் ஆட்சிக்கு வந்த வருஷம். டூரியின் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலையும் வாலிபர்கள்; புற்றுநோயால் சாகக் கிடக்கும் ஒரு தகப்பன். சக்கர நாற்காலியில் இருந்தவர் கொட்டகை அதிரப் பாடினார். அந்தப் பாட்டு சைகை மொழியில் கைகளிலும் முகத்திலும் எழுந்தது. திரையில் வசனம் எழுத்தாக ஓடியது.

இங்கேதான் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. கிழக்கு லண்டன் கொச்சை நம் காதுக்கு எட்டவில்லை. பாதி வசனம் புரியாமல் விழித்தோம். காது கேளாதவர்களுக்கென்று ஓடவிட்ட அந்த எழுத்துக்களைப் படித்துத்தான் கதையைப் பிடித்துக்கொண்டோம்! இரக்கப்படப் போன நாம், அவர்கள் செய்து வைத்த ஏற்பாட்டைப் பற்றிக்கொண்டே நாடகம் பார்த்தோம். அப்படியானால் ஊனம் எங்கே இருக்கிறது? உடம்பிலா? அல்லது ஒரு சிலருக்கென்று மட்டும் கட்டி வைத்த படிக்கட்டிலும் கதவிலும் மேடையிலுமா?

இந்தக் குழுவை 1980ல் நபில் ஷபான் என்ற நடிகரும் ரிச்சர்டு டாம்லின்சனும் தொடங்கினார்கள். பாடகர் டூரி ஏழு வயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். 1981ம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியபோது, அந்த அனுதாபப் பேச்சைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு எழுதினார். பி.பி.சி. அதை ஒதுக்கி வைத்தது. அதே பாட்டை 2012 ஆகஸ்டில், லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில், கிரேயே குழுவினர் உலகறியப் பாடினார்கள்!

ஆனால் அந்த விழாவுக்கு ஆதரவாளராக நின்ற கம்பெனிகளில் ஒன்று அட்டோஸ். ஊனமுற்றோரைச் சோதித்து, 'இவர் வேலைக்குத் தகுதி' என்று முத்திரை குத்த சர்க்காரிடம் ஒப்பந்தம் எடுத்த கம்பெனி அது. அந்த முத்திரையால் உதவித்தொகை இழந்தவர்கள், விழா நடக்கும் வாரத்திலேயே அதன் அலுவலகத்தின் முன் கூடி முழக்கமிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. வீட்டில் உதவியாள் வைத்துச் சுதந்திரமாக வாழக் கடும் ஊனமுற்றோருக்குப் பணம் தந்து வந்த நிதியை 2015 ஜூன் 30ல் மூடினார்கள். வேலைக்குப் போகும் காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் செலவை ஏற்கும் திட்டம் 1994ல் வந்தது. 2015ல் அதற்கும் உச்சவரம்பு அறிவித்தார்கள். மேடையில் கண்டால் கைதட்டுவது, மேடைக்கு வரும் வழியை அடைப்பது! இதற்குப் பெயர் அன்பா?

நம் நாட்டிலும் கேள்வி இதுதான். 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு, ஊனமுற்ற கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தருவது சர்க்காரின் கடமை என்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பஸ் நிலையத்தில் இன்னும் உண்டியல் இருக்கிறது!

சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை இல்லாமல் மேடை கட்டுவதை நிறுத்துவோம். நமது சங்கக் கூட்ட மேடைகளிலிருந்தே இதைத் தொடங்குவோம். பாட அழைத்தால் பேசிய சன்மானத்தைக் கையில் கொடுப்போம். அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. தொழில் தெரிந்த கலைஞர்கள். அவர்களுக்கு வேண்டியது நம் கண்ணீர் அல்ல. மேடையும், கூலியும், உரிமையும்தான்!