மடைக்குக் கூட்டம், படைக்கு?

கண்மாய் மடையைத் திறப்பதென்றால் ஊர் கூடும். எந்த வயலுக்கு முதல் தண்ணீர், எவருக்கு எத்தனை நாழிகை என்று பேசி முடித்த பிறகே மண்வெட்டி மடையைத் தொடும். குண்டாறு மணலாய்க் கிடக்கும் திருச்சுழிப் பக்கத்திலும், அருப்புக்கோட்டையைச் சுற்றிய வானம் பார்த்த சீமையிலும் இது பழைய முறை. நீர் அரிதான இடத்தில் ஒருவன் தனித்து முடிவெடுக்க ஊரார் விடுவதில்லை.

அந்த முறையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, தோழர்களே, ஐரோப்பாவைப் பாருங்கள். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யப் படை பாய்ந்தது. அதுகாறும் எந்தப் படையணியிலும் சேராதிருந்த பின்லாந்தும் ஸ்வீடனும் நேட்டோவின் வாயிலில் போய் நின்றன. பின்லாந்து நாடாளுமன்றம் விவாதித்து, 188 பேர் ஆதரிக்க, 8 பேர் எதிர்க்க, விண்ணப்பிக்க இசைந்தது. பிறகு தொடங்கிற்று பேரம். குறுக்கே நின்ற துருக்கி, குர்து இயக்கத்தாருக்குப் புகலிடம் தராதீர், ஆயுதத் தடையை நீக்குவீர் என்றது. ஜூன் மாதம் மாட்ரிட் நகரில் மூன்று நாடுகளும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. அப்படியும் ஸ்வீடன் உள்ளே நுழைய 2024 மார்ச் ஆயிற்று. தன் மண்ணில் எவருக்குப் புகலிடம் என்பதையே அயலானிடம் பேசித் தீர்க்க வேண்டிய நிலை! அந்த விலை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் விலை இன்னதென்று அந்நாட்டு மக்கள் அறிந்திருந்தனர். முரண்டு பிடித்த துருக்கியும் ஹங்கேரியும்கூடத் தத்தம் நாடாளுமன்றங்களில் வாக்கெடுத்தே கதவைத் திறந்தன.

நம் நாட்டில்? 1954இல் மணிலாவில் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு உருவானபோது நேரு விலகி நின்றார். பாகிஸ்தான் சேர்ந்தது, 1965 போரிலும் 1971 போரிலும் அந்த அணி அதற்குத் துணை வரவில்லை. நேருவின் முடிவு நல்ல முடிவே. ஆனால் அது ஒரு பிரதமரின் தெளிவால் கிடைத்தது. சட்டத்தின் காவலால் அன்று. பன்னாட்டு உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்றாக வேண்டுமென்ற கட்டாயம் நம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1971 ஆகஸ்டில் சோவியத் நாட்டோடு செய்த ஒப்பந்தத்தை மகிழ்ந்து வரவேற்றோர் பலர். அதுவும் கையெழுத்தான பிறகே அவைக்குச் செய்தியாக வந்தது. 2016இல் இந்திய, அமெரிக்கப் படைகள் ஒன்றன் தளத்தில் மற்றொன்று எரிபொருளும் பண்டமும் பெற வழிசெய்த உடன்பாடு, 2020இல் நிலப்படத் தகவல்களைப் பகிர வழிசெய்த உடன்பாடு ஆகிய இரண்டும் அரசு ஒப்பமிட்டவை. உறுப்பினர்கள் வாக்களித்தவை அல்ல. இவை படைக்கூட்டணி ஆகா என்கிறது அரசு. இருக்கட்டும். கூட்டணியே சேரும் நாள் வந்தாலும் இதே முறைதானே!

எங்கோ நடந்த போர்தான். 2022இல் சூரியகாந்தி எண்ணெய் விலையாக நம் அடுப்படிக்கு வரவில்லையா? நாமே ஓர் அணியில் நின்றால் எண்ணெயோடு போகாது, பிள்ளைகளையும் கேட்கும்.

இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தவும் வேண்டுவதில்லை. உடன்படிக்கை செய்வது பற்றிச் சட்டமியற்ற ஒன்றியப் பட்டியலின் 14ஆம் இனம் நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. இரு அவைகளின் வாக்கின்றிப் படை உடன்பாடு எதுவும் நடைமுறைக்கு வராது என ஒரு சட்டம் போதும். அதை எப்போது கொண்டுவருவீர் என்று, அடுத்து வாக்குக் கேட்டு வருவோரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேளுங்கள். நம் வேட்பாளராயினும் விடாதீர்கள்.