புது மீனுக்குத் தனித் தொட்டி வீண் வேலையா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வண்ணமீன் வளர்ப்பவர்கள் பலருக்குச் சந்தை என்றால் சென்னைக் கொளத்தூர்தான். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் வரும் கோல்டு ஃபிஷ், வந்த அரை மணியில் பழைய மீன்களோடு விடப்படுகிறது. புது மீனைத் தனியாக வைத்துப் பார்ப்பதெல்லாம் பண்ணைக்காரர்கள் வேலை, வீட்டுக்கு எதற்கு என்கிறார்கள். இதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கடையில் நன்றாகத்தானே நீந்தியது?”

வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணமான இக் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் இருந்து வளர்கிறது. செவுளில் மட்டும் இருந்தால் உடம்பில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. நோயிலிருந்து தேறிய மீனும் சில ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டு சாதாரணமாக நீந்தும். பயணக் களைப்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் அவை பெருகும். மீன் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்க்கும்; செவுள் மூடி வேகமாக அடிக்கும்; பிறகு வாலில் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் வரும். இவை தெரிய வாங்கிய பிறகு பல நாட்கள் ஆகலாம்.

“பையை மிதக்கவிட்டு மெதுவாகத் திறந்தால் போதும்.”

அதனால் சரியாவது தண்ணீரின் சூடு மட்டுமே. கிருமி அப்படியே இருக்கிறது. பைத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றினால் கடைத் தொட்டியில் இருந்ததெல்லாம் நம் தொட்டிக்கு வந்துவிடும்.

“நோய் வந்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம்.”

தோலுக்கடியில் இருக்கும் இக்கை மருந்து தொடாது. அது முதிர்ந்து விழுந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும்போதுதான் மருந்து கொல்லும். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் ஒரு வேளை மருந்தில் அடங்கியதுபோல் இருந்து, மறுபடி இரட்டிப்பாக வருகிறது. பெரிய தொட்டியில் மெத்திலீன் ப்ளூ ஊற்றினால் ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். சிறு தொட்டியில் மருந்தும் குறைவு, சேதமும் குறைவு.

“செடியிலும் பவளத்திலும் மீன் நோய் வராது.”

வரும். மீன் பேன் முட்டையிடுவது கண்ணாடியிலும் கல்லிலும் செடியிலும்தான். கடல்நீர்த் தொட்டியிலும் இதே கதை: கடல் இக்கின் கூடு பவளத்தின் அடிக்கல்லில் ஒட்டிக்கொண்டு வரும். மருந்துக் கரைசலில் முக்கியெடுப்பது பவளத்தின் மேலிருக்கும் பூச்சிகள் பலவற்றை உதிர்க்கும்; கூட்டுக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் வெளிநாட்டுப் பவள வளர்ப்பாளர்கள் பலர், புதுப் பவளத்தை மீனே இல்லாத தொட்டியில் 76 நாள் வைக்கிறார்கள். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுத்த பவளத்தை வாங்குவதே குற்றம்.

“வருவது எப்படியும் வரும்.”

இதற்குப் பதில் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 1994 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த வெண்புள்ளி வைரஸ் (மீனின் இக் வேறு, இது வேறு) நெல்லூர் உள்ளிட்ட ஆந்திரக் கடலோர இறால் பண்ணைகளைச் சூறையாடியது. 2009-ல் வெளிநாட்டு வனாமி இறாலுக்கு அனுமதி தந்தபோது, தாய் இறால்களை நேராகக் குஞ்சுப் பொரிப்பகத்துக்கு அனுப்பவில்லை. சென்னை நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துப் பரிசோதித்த பிறகே அனுப்பினார்கள். அதன் பிறகும் குளங்களில் நோய் வருகிறது, உண்மைதான். நண்டு வழியாக, வாய்க்கால் தண்ணீர் வழியாக வருகிறது. ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக மற்ற வாசலையும் யாரும் திறந்துபோடவில்லை. வீட்டுத் தொட்டிக்கோ வாசலே ஒன்றிரண்டுதான்: புது மீன், புதுச் செடி. அதை அடைப்பது நம் கையில் இருக்கிறது.

“செலவும் இடமும் ஆகும்.”

நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், தனி வலை. இவ்வளவுதான். ஸ்பான்ஜை முன்கூட்டியே பெரிய தொட்டியில் சில வாரம் ஓடவிட்டால் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிவிடும். வேலை முடிந்ததும் டப்பாவைக் கழுவிக் காயவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

அடுத்த முறை கொளத்தூருக்குக் கிளம்புமுன் அந்த டப்பாவில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். புது மீனை நான்கு வாரம் அதில் விட்டு, செவுளையும் வாலையும் தினமும் பாருங்கள். பல ஆண்டு வளர்த்த மீன்களின் உயிருக்கு நான்கு வாரப் பொறுமை பெரிய விலை அல்ல.