கோயிலுக்கு வரும் கார்களும் முன்விளக்குகளும்

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் இலண்டனில் சூரியன் உதிக்கக் காலை 8 மணி கடந்துவிடுகிறது. மாலை 4 மணியளவிலேயே அஸ்தமித்தும் விடுகிறது. ஆகவே விடியற்காலைப் பூசைக்கு வருவோரும் மாலைப் பூசை கண்டு திரும்புவோரும் இருளிலேயே கார் ஓட்டுகின்றனர். சிவராத்திரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அக்காலங்களில் செருப்பு விடும் இடத்தில் தவறாமற் கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "எதிரிலை வாறவங்கட லைற் கண்ணைக் குத்துது, தம்பி. இனி இரவிலை வரேலாது." சொல்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர். அடுத்த வருடத் திருவெம்பாவைக்கு அவரைக் காணக் கிடைப்பதில்லை. பகற்பூசைக்கு மட்டும் வருகிறார். அல்லது மகனுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் வருகிறார்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மங்குகிறது. வெள்ளை படரத் தொடங்கியவருக்கு எதிர்வரும் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறிப் பாதை முழுவதையும் மூடிவிடுகிறது. ஒளி கடந்து சென்ற பின்னும் பார்வை தெளியச் சில வினாடிகள் செல்கின்றன. மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒரு வினாடிக்கு கார் ஏறக்குறைய 18 மீற்றர் ஓடிவிடும். அந்தப் பெரியவர் அஞ்சுவது வீண் அச்சமன்று.

இதற்கு உயரமான ஜீப் வகை வண்டிகளையும், வெண்ணிறமாக எரியும் புதுவகை விளக்குகளையும் குறை கூறுவது வழக்கம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆயினும் கோயில் வாசலிலிருந்து புறப்படும் கார்களையும் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நியாயம். பின்னாசனத்தில் மூவர், அவர்களில் ஒருவரின் மடியில் குழந்தையின் பை. டிக்கியில் அன்னதானத்துக்குச் சமைத்த பெரிய கிடாரங்கள், மீந்த அரிசி மூட்டை, ஒரு பெட்டி தேங்காய். காரின் பின்புறம் கீழே அமிழ்ந்து முன்புறம் மேலே எழும்புகிறது. ஓட்டுபவருக்கு இது தெரிவதில்லை. அவருக்குப் பாதை முன்னிலும் நன்றாகத்தான் தெரிகிறது!

கணக்கு எளிது. முன்விளக்கு நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தாழ்த்திய ஒளி 1 சதவீதம் கீழ்நோக்கியிருந்தால், அதாவது 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அது 65 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். சக்கரங்களுக்கிடையே 260 சென்ரிமீற்றர் நீளமுள்ள அந்தக் காரின் பின்புறம், முன்புறத்தைவிட 5 சென்ரிமீற்றர் கூடுதலாக அமிழ்ந்தால் ஒளி ஏறக்குறைய 2 சதவீதம் மேலெழும். கீழ்நோக்கிய 1 சதவீதம் கழிந்து, மேல்நோக்கி 1 சதவீதமாகிறது. 50 மீற்றர் தூரத்தில் ஒளியின் மேல்விளிம்பு நிற்கும் உயரம் 115 சென்ரிமீற்றர். எதிரே சிறிய காரில் வருபவரின் கண் இருக்குமிடமும் ஏறக்குறைய அதுவேதான். ஐந்து சென்ரிமீற்றர் என்பது மூன்று விரல் அகலம்!

இதைத் திருத்துவதற்கான கருவி பல கார்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டியறிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை இலக்கமிட்ட சிறிய சக்கரம் ஒன்று காணப்படும். 0 என்பது ஓட்டுபவர் மட்டும், அல்லது முன்னாசனத்தில் இருவர் இருக்கும்போது. பின்னால் பாரம் ஏற ஏற இலக்கத்தையும் ஏற்ற வேண்டும். எந்தப் பாரத்துக்கு எந்த இலக்கம் என்பது காருடன் வந்த கைநூலில் இருக்கும். பத்து வருடமாகக் கார் வைத்திருந்தும் அதைத் தொட்டே பாராதவர் பலர். பாரத்துக்கு ஏற்பத் தானாகவே இறங்கும் விளக்குள்ள கார்களில் இந்தச் சக்கரம் இராது; அவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை.

"வருடந்தோறும் எம்.ஓ.ரி. சோதனையில் தேறுகிறதே" என்பது அடுத்த வாதம். விளக்கின் மையம் 85 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கார்களில் ஒளி 0.5 முதல் 2 சதவீதம் வரை தாழ்ந்திருக்க வேண்டுமென்று அச்சோதனை பார்ப்பது உண்மையே. ஆனால் பார்ப்பது பாரமேற்றாத காரை; பார்க்கும் நாளில் மாத்திரம். மறுமாதம் குளிரில் நின்று பல்பு மாற்றியவர் அதைச் சற்றுக் கோணலாகச் செருகிவிட்டால் ஒளி நாற்புறமும் சிதறும். பல்பின் விளிம்பிலுள்ள காதுகள் பள்ளத்தில் சரியாக அமர்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஹலோஜன் விளக்குக்குள் எல்.ஈ.டி. பல்பைப் போடும் நண்பர்களும் நம்மிடையே உளர். உள்ளே இருக்கும் கண்ணாடி, ஹலோஜன் இழை இருக்குமிடத்தைக் கொண்டு கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் ஒளியின் மேல்விளிம்பும் குலைந்துபோகும். அவ்வாறு மாற்றிய கார்களை 2021 முதல் எம்.ஓ.ரி. சோதனையில் தேறவிடக் கூடாதென்பது விதி.

எதிர்வருபவருக்கு இரக்கப்பட்டு ஒளியை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்துவதும் தவறு. 2 சதவீதம் தாழ்ந்தால் அதே விளக்கின் ஒளி 33 மீற்றருக்குள் நிலத்தில் விழுந்துவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் காரை நிறுத்த 73 மீற்றர் வேண்டுமென்று வீதி விதிநூல் கூறுகிறது. இருண்ட உடையில் நடந்து போகிறவர் என்னாவார்?

கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குக் காரிலேயே ஜேர்மனி செல்வோர் வேறொன்றும் கவனிக்க வேண்டும். பிரித்தானியக் கார்களின் தாழ்த்திய ஒளி, நடைபாதை தெரிவதற்காக இடப்பக்கம் சற்று மேலெழுவது. வலப்பக்கம் ஓடும் நாட்டில் அந்த இடப்பக்கந்தான் எதிர்வருபவரின் பக்கம். விளக்கில் அதற்கான ஒட்டுத்தாளை ஒட்டவோ, சில கார்களில் உள்ள மாற்றியைத் திருப்பவோ வேண்டும்.

ஆலயச் செய்திமடலில் கராஜ் விஷயம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வருடப் பொதுக்கூட்டத்தில், முதியவர்கள் ஏன் இரவு விழாக்களுக்கு வருவதில்லை என்று கவலையோடு கேட்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

நிர்வாக சபையினர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கார் நிறுத்துமிடத்தில் சமதரையும் சுவரும் உள்ள கோயில்களில், சுவரிலிருந்து 10 மீற்றரில் நிலத்தில் ஒரு கோடு போடலாம். ரயர்களுக்குச் சரியாகக் காற்றடித்து, காரை அக்கோட்டில் நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் நாடாவால் குறித்து, தாழ்த்திய ஒளியின் மேல்விளிம்பு அதற்கு எவ்வளவு கீழே விழுகிறதென்று அளந்தால் போதும். 10 சென்ரிமீற்றரென்றால் 1 சதவீதம். அந்தக் காருக்குரிய அளவு பெரும்பாலும் பொனற்றுக்குள் விளக்கருகே பொறிக்கப்பட்டிருக்கும். பிழையிருந்தால் திருகாணியை முறுக்குவதைக் கராஜில் விட்டுவிடுவதே நன்று. பக்கவாட்டுத் திருகாணியை மாறி முறுக்கி ஒளியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவோரும் உண்டு.

பின்னர் அதே காரில் வழக்கமாக வரும் குடும்பத்தவர் அனைவரையும் ஏற்றி, கிடாரங்களையும் வைத்து, சுவரை மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். திருவெம்பாவைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மாலை இதற்குப் போதும். அந்நேரம் எப்படியும் இருட்டியிருக்கும்.